கேள்வி நேரம்: வாளை உருவுவதா, விலகி நடப்பதா?

கேள்வி: ‘இதைச் செய்’ என்று கட்டளையிடாமல், நம் விருப்பப்படி கதை பிரிந்து செல்லும் சாமுராய் கேம் ஒன்று இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அது எது? அதில் அப்படி என்ன விசேஷம்? – கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: உங்கள் நண்பர்கள் ‘வே ஆஃப் தி சாமுராய்’ வரிசையைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஜப்பானின் அக்குவயர் நிறுவனம் உருவாக்கிய இதன் முதல் பாகம் 2002ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளிவந்தது. 1998இல் ‘தென்ச்சு’ என்ற நிஞ்ஜா கேமை உருவாக்கிப் பெயர் வாங்கியதும் இதே நிறுவனம்தான். கதை நடக்கும் ஆண்டு 1878. இடம், ரொக்கோட்சு என்னும் கற்பனையான மலைக்கணவாய். யாருக்கும் சேவகம் செய்யாத, ஊர் பேர் தெரியாத ஒரு வாள்வீரன் அங்கே வந்து சேர்கிறான். அந்த வட்டாரத்தை ஒருகாலத்தில் ஆட்டிவைத்து இப்போது நொடித்துப் போயிருக்கும் குரோ குடும்பம், புதிய அரசை எதிர்க்கும் முன்னாள் சாமுராய்களின் அகதாமா கூட்டம், இருவரையும் அடக்க வரும் அரசுப் படை என்று மூன்று தரப்புகள் அங்கே மோதிக்கொள்கின்றன. அவன் எந்தப் பக்கம் என்பது கடைசிவரை ஆடுபவர் கையில்தான் இருக்கிறது.

விசேஷம் என்னவென்பது தொடக்கக் காட்சியிலேயே தெரிந்துவிடும். வீரன் பாலத்தைக் கடக்கும்போது ரவுடிகள் சிலர் ஓர் இளம்பெண்ணை இழுத்துச் செல்கிறார்கள். வேறு கேமாக இருந்தால், அவளைக் காப்பாற்றும் சண்டையையே பயிற்சிப் பாடமாக வைத்து, எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். இங்கே அவளுக்குத் துணை நிற்கலாம், ரவுடிகளோடு சேர்ந்துகொள்ளலாம், ‘நமக்கென்ன வந்தது’ என்று ஒதுங்கியும் போகலாம். மூன்றையும் கேம் ஒரே முகத்தோடு ஏற்றுக்கொள்கிறது. அதைவிட முக்கியமாக, கணவாயை விட்டு வெளியேறும் பாதை பெரும்பாலும் திறந்தேதான் கிடக்கிறது. எந்த வம்பிலும் தலையிடாமல் வந்த வழியே நடந்து போய்விட்டால் கதை அங்கே முடிந்துவிடும். அதுவும் ஒரு முடிவாகவே கணக்கில் வரும். ஆடுபவருக்கு ‘ஆட மாட்டேன்’ என்று சொல்லும் உரிமையைக் கதைக்குள்ளேயே கொடுத்த கேம்கள் மிகக் குறைவு என்பதால், இருபது ஆண்டுகள் கடந்தும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ‘உங்கள் முடிவே கதையை மாற்றும்’ என்று எல்லாக் கேம்களுக்கும்தான் விளம்பரம் செய்கிறார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறோம். இந்தக் கேம் மட்டும் எப்படி வேறுபடும்? – ஒரு மென்பொருள் பணியாளர்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானதே. அதற்கான காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு கதையில் இரண்டு வழிகள் கொண்ட திருப்பம் பத்து இருந்து, ஒவ்வொன்றின் விளைவும் கடைசிவரை தனித்தனியாகத் தொடர வேண்டுமென்றால், 1,024 கதைகளை எழுத வேண்டும். இருபது திருப்பங்கள் என்றால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். நாற்பது மணி நேரம் ஓடும் பெரிய கேம் ஒன்றில், ஒவ்வொரு காட்சிக்கும் குரல் கொடுத்து, முகபாவம் சேர்த்து, இத்தனையும் செய்வது எந்த நிறுவனத்தாலும் ஆகாத காரியம். ஆகவே, நடுவில் தீவு ஒன்றைக் கண்ட ஆறு இரண்டாகப் பிரிந்து தீவைத் தாண்டியதும் ஒன்று சேர்ந்துகொள்வது போல, கதையைச் சற்று நேரம் பிரித்துவிட்டு மீண்டும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். நீங்கள் ஒருவரை உயிரோடு விட்டீர்களா, கொன்றீர்களா என்பது பின்னால் வரும் ஒரு வசனத்தை மட்டுமே மாற்றும்.

அக்குவயர் இந்தச் சிக்கலைச் சமாளித்த விதம், என் பார்வையில், இன்றைய பெரிய நிறுவனங்களுக்கே பாடமாக வைக்கத்தக்கது. அவர்கள் உலகத்தைச் சுருக்கினார்கள். முதல் பாகத்தின் நிலப்பரப்பு முழுவதையும் சில நிமிடங்களில் நடந்தே கடந்துவிடலாம்; கதையின் காலமும் ஒருசில நாள்கள்தான்; ஒரு முறை ஆடி முடிக்க ஒரு மாலைப் பொழுது போதும். கதை இவ்வளவு குறுகியதாக இருப்பதால், கிளைகளை அவசரமாக ஒன்றுசேர்க்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. பிரிந்தவை பிரிந்தபடியே ஆறு வெவ்வேறு முடிவுகளில் போய் நிற்கின்றன.

இரண்டாவது உத்தி, நேரத்தையே ஒரு கிளையாக்கியது. பெரும்பாலான கேம்களில் நீங்கள் வந்து சேரும்வரை வில்லன் காத்திருப்பான். இங்கே அப்படியில்லை. அந்தி வேளையில் ஓரிடத்தில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறதென்றால், அந்த நேரத்தில் அங்கே இருப்பவருக்கு மட்டுமே அது தெரியும். நீங்கள் வேறோர் இடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அது உங்களுக்காக நிற்காது. இரவில் யாரோ ஒருவர் ஏன் கோபமாக இருக்கிறார் என்பது புரியாமலே கதை நகரும். அடுத்த முறை ஆடும்போது அந்த வேளையில் அங்கே போய் நின்றால்தான் காரணம் விளங்கும். பட்டியலில் இருந்து ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே தேர்வு என்றிருந்த நிலையில், எங்கே நிற்கிறோம், யாரை நோக்கி வாளை உருவுகிறோம், எதைக் காணாமல் விடுகிறோம் என்பதெல்லாமே தேர்வாகிவிட்டது. மூன்றாம் பாகத்தில் இதை இன்னும் நீட்டித்து, எதிரில் நிற்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வாளை உருவவோ, மண்டியிட்டுத் தலையைத் தரையில் பதித்து மன்னிப்புக் கேட்கவோ தனிப் பொத்தான்களே வைத்துவிட்டார்கள். ஒரு படைத்தலைவர் வீராவேசமாக முழங்கிக்கொண்டிருக்க, அவர் முன்னால் நம் வீரன் காரணமே இல்லாமல் பொத்தென்று விழுந்து கும்பிடும் காட்சியைப் பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தக் கும்பிடு சில இடங்களில் உயிரையும் காப்பாற்றும்.

இதற்கு விலையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஒரே கிராமத்தில் ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். ஏற்கெனவே கேட்ட வசனங்களையே மீண்டும் கேட்க வேண்டும். கடைசி ஒன்றிரண்டு முடிவுகளைத் தேடிப் பிடிக்கும்போது, எந்த வேளையில் எங்கே நிற்க வேண்டும் என்பது வெறும் மனப்பாடமாகிவிடுகிறது. எல்லா முடிவுகளையும் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கே இந்தக் கேம் இனிக்கும்.

கேள்வி: எதிரியின் வெட்டை எல்லாம் சரியாகத் தடுக்கிறேன். ஆனாலும் பாதிச் சண்டையில் என் வாள் உடைந்துவிடுகிறது. இது கேமின் கோளாறா? – ஒரு புதிய ஆட்டக்காரர்

பதில்: கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். நீங்கள் தடுக்கும் ஒவ்வொரு வெட்டையும் உங்கள் வாள்தான் வாங்கிக்கொள்கிறது. உயிர் அளவைக் காட்டும் கோட்டுக்கு அருகில் வாளின் நிலையைக் காட்டும் இன்னொரு அளவு இருப்பதைக் கவனியுங்கள். தொடர்ந்து தடுக்கத் தடுக்க அது ஏறிக்கொண்டே போய், நிரம்பி வழியும்போது வாளின் உறுதியில் ஒரு படி குறையும். உறுதி தீர்ந்ததும் வாள் முறிந்துவிடும். அந்த அளவு உச்சத்தை நெருங்கும்போது இரண்டடி பின்வாங்கிச் சற்றுப் பொறுத்தால், அது தானாகவே இறங்கிவிடும். தடுப்பதற்கான பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும் பழக்கத்தை முதலில் கைவிடுங்கள். வெட்டு வந்து விழும் கணத்தில் எதிரியின் வாளைத் தள்ளியோ இழுத்தோ அவன் நிலையைக் குலைத்துவிட்டுத் திருப்பி அடிப்பதே இங்கே கற்க வேண்டிய வித்தை. மழுங்கிப்போன வாளைக் கொல்லனிடம் கொடுத்துச் செப்பனிட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். செத்துவிட்டால் பழைய இடத்திலிருந்து தொடர முடியாது. கையோடு வைத்திருந்த வாள்களும் போய்விடும். அரும்பாடுபட்டுச் சேர்த்த வாளைக் குடிபோதையில் வம்புக்கு வரும் ஒருவனிடம் இழப்பதா, அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்வதா என்று யோசிக்க வைப்பது இந்த விதிதான். இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. இந்த விதியை எடுத்துவிட்டால், மேலே சொன்ன தேர்வுகளில் ஒன்றுக்குக்கூட எடை இருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: 1878இல் இடுப்பில் வாளோடு சாமுராய் ஒருவர் நடமாடியிருக்க முடியுமா? அதற்குள் அந்த வர்க்கமே ஒழிந்துவிட்டதல்லவா? – வரலாற்று ஆசிரியை ஒருவர்

பதில்: சட்டப்படி முடியாதுதான். 1868இல் ஷோகுன் ஆட்சி வீழ்ந்து, பேரரசர் மெய்ஜியின் பெயரில் புதிய அரசு அமைந்தபின், 1873இல் கட்டாய ராணுவ சேவை வந்தது. போரிடுவது ஒரு குலத்தின் தனியுரிமை என்ற நிலை அத்தோடு முடிந்தது. 1876 மார்ச்சில், படையினருக்கும் காவலர்களுக்கும் அரசு விழா உடையில் இருப்போருக்கும் தவிர வேறு யாருக்கும் பொது இடத்தில் வாள் கூடாது என்று ஆணை பிறந்தது. அதே ஆண்டில், பரம்பரையாகக் கிடைத்துவந்த மானியத்தை நிறுத்தி, அதற்கு ஈடாகக் கடன்பத்திரங்களைக் கொடுத்தார்கள். ஆனால் ஆணை பிறந்ததால் மட்டுமே எல்லாரும் வாளைக் கீழே வைத்துவிடவில்லை. 1877இல் சைகோ தகமோரி தலைமையில், தெற்கே உள்ள சத்சுமா பகுதியின் சாமுராய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று ககோஷிமாவின் ஷிரோயாமா குன்றில் அந்தக் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. அரசின் முதன்மைப் புள்ளியான ஒகுபோ தோஷிமிச்சியை முன்னாள் சாமுராய்கள் டோக்கியோவில் வழிமறித்து வெட்டிக் கொன்றது 1878 மே 14 அன்று. கேமுக்கு அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை என்பது இதிலிருந்தே தெரியும். அகதாமா கூட்டம் கற்பனை. ஆனால் அவர்களின் ஆத்திரம் கற்பனையல்ல.

நான்காம் பாகத்தின் கதைக்களம், ‘கறுப்புக் கப்பல்கள்’ எனப்பட்ட அமெரிக்கப் போர்க்கப்பல்கள் 1853இல் ஜப்பானுக்கு வந்து சில ஆண்டுகளே ஆன நிலையில் உள்ள அமிஹாமா என்ற துறைமுகம். அந்த ஊரும் கற்பனைதான். அங்கே பிரிட்டிஷ் தூதுக்குழு, ஷோகுன் என்னும் ராணுவ ஆட்சியாளரின் அரசு, அந்நியரை விரட்டத் துடிக்கும் ரகசியக் கூட்டம் என்று மீண்டும் மூன்று தரப்புகள். எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) தோசென்ஜி கோயிலில் இயங்கிவந்த பிரிட்டிஷ் தூதரகத்தை 1861இல் மிட்டோ பகுதியைச் சேர்ந்த ரோனின்கள், அதாவது தலைவனில்லாத சாமுராய்கள், இரவில் தாக்கியதை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. ஆடை, சிகையலங்காரம், வசனம் ஆகியவற்றில் மட்டும் வரலாற்றைத் தேடாதீர்கள். அங்கே நையாண்டிதான் மிகுதி.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் கேட்கிறான். வாங்கித் தரலாமா? – ஒரு தாய்

பதில்: வேண்டாம். இவை வயது வந்தோருக்கான கேம்கள். வாள்வெட்டு ஒருபுறம் இருக்க, நான்காம் பாகத்தில் பாலியல் கேலிகளும் நிறைய உண்டு.

கேள்வி: ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’வை ஆடி முடித்துவிட்டேன். அதன் அழகில் மயங்கிய எனக்கு இந்தப் பழைய கேம் பிடிக்குமா? – ஒரு வாசகர்

பதில்: காட்சி அழகை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 1274ஆம் ஆண்டு மங்கோலியப் படையெடுப்பைச் சொல்லும் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ பரந்த தீவைத் தருகிறது. எங்கு வேண்டுமானாலும் குதிரையில் போகலாம். ஆனால் ஜின் சகாய் என்ற அந்த நாயகன் எப்படிப்பட்டவனாக மாறப்போகிறான் என்பது முன்பே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. உண்மையான தேர்வு உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய கடைசிக் காட்சியில்தான். திசைகளில் கிடைக்கும் சுதந்திரமும் விதியில் கிடைக்கும் சுதந்திரமும் வெவ்வேறானவை. இரண்டும் ஒரே கேமில் வேண்டுமென்றால், 2024இல் வந்த ‘ரைஸ் ஆஃப் தி ரோனின்’ ஓரளவு நெருங்கி வருகிறது. ஷோகுன் ஆட்சிக்கு ஆதரவா, எதிர்ப்பா என்று அதில் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எடுத்த முடிவுக்கே திரும்பிச் சென்று மாற்றி ஆடும் வசதியையும் அதில் கொடுத்திருக்கிறார்கள். சௌகரியம்தான், ஆயினும் யாரையாவது காட்டிக்கொடுக்கும்போது கை நடுங்குவதில்லை.

கேள்வி: எந்தப் பாகத்தில் தொடங்குவது? இணையத்தில் உள்ள வழிகாட்டிகளைப் பார்த்து ஆடலாமா? – முன்னவரே

பதில்: முதலிரண்டு பாகங்களை ஆங்கிலத்தில் ஆடப் பழைய பிளேஸ்டேஷன் 2 தேவைப்படும். மூன்றும் நான்கும் கணினிக்கும் வந்துவிட்டன. நான்காம் பாகம் 2015இலும், மூன்றாம் பாகம் அடுத்த ஆண்டிலும் வெளியாயின. மூன்றில் தொடங்குங்கள். உள்நாட்டுப் போர்கள் நிறைந்த செங்கோகு காலத்தில், தோற்றுப்போன படையின் வீரனாகப் போர்க்களத்தில் குற்றுயிராய்க் கிடப்பதிலிருந்து கதை ஆரம்பிக்கிறது. இருபதுக்கு மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன. வாளின் மழுங்கிய முதுகால் அடித்து, யாரையும் கொல்லாமல் ஆடவும் வழி உண்டு. வழிகாட்டியை முதல் இரண்டு ஆட்டங்கள் முடியும்வரை தொடாதீர்கள். அதன்பின், தவறவிட்ட ஒரு குறிப்பிட்ட முடிவை மட்டும் தேடிப் படித்துக்கொள்வதில் தவறில்லை.