அம்மாவின் இன்சுலினைப் பூனைக்குப் போடலாமா?

சிங்கப்பூர் ஈசூன் வாசகி ஒருவர் கேட்கிறார்: எங்கள் பதினொரு வயதுப் பூனைக்கு நீரிழிவு. மருத்துவர் கிளார்ஜின் இன்சுலின் எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா போட்டுக்கொள்ளும் லான்டசும் அதுதானாமே, அந்த ஊசிப் பேனாவையே பயன்படுத்தலாமா? அம்மாவைப் போல நாளுக்கு ஒரு முறை போட்டால் போதாதா?

மருந்து அதுவேதான். ஆனால் பேனாவைப் பகிர வேண்டாம். முனையை மாற்றினாலும் தொற்று அபாயம் போகாது. தவிர, வழக்கமான பேனா முழு யூனிட்டாகத்தான் நகரும். பூனைக்கோ அரை யூனிட் கூட்டுவதும் குறைப்பதுமே கணக்கு. அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். அம்மாவுடையது டூஜியோ என்ற செறிவான கிளார்ஜின் என்றால் கிட்டவே போகாதீர்கள்: லான்டசில் ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதில் 300.

ஒரு வேளை போதாது. மனிதருக்கு ஒரு நாள் தாங்கும் இன்சுலின் பூனையின் உடலில் சீக்கிரமே தீர்ந்துவிடும். பெரும்பாலான பூனைகளுக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை தேவை. வேலை நேரம் மாறிமாறி வருகிறதென்றால், வீட்டில் இன்னொருவரும் ஊசி போடப் பழகிக்கொள்ளட்டும்.

வேறு மருந்துகளும் உண்டு. புரோசிங்க் பூனைகளுக்கென்றே வந்தது, நல்ல தேர்வு. கேனின்சுலின் பல பூனைகளில் அடுத்த ஊசிக்கு முன்பே வலுவிழந்துவிடும். நானாக இருந்தால் அதில் தொடங்க மாட்டேன். இவை இரண்டிலும் மில்லிக்கு 40 யூனிட்தான், சிரிஞ்சும் வேறு. 40க்கான சிரிஞ்சில் லான்டசை எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும்; பூனையின் உயிருக்கே ஆபத்தாகலாம். பெரும்பாலும் 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. இருந்தாலும் நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள்.

கிளார்ஜின் அமிலத்தன்மை கொண்டது. தோலடியில் நுண்துகள்களாகப் படிந்து மெல்லக் கரைவதால்தான் அது நீடிக்கிறது. ஆகவே நீர்க்கச் செய்யவோ வேறொன்றுடன் கலக்கவோ கூடாது. நம் ஊர் வெயிலில் சமையலறை மேசையில் வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியிலேயே வையுங்கள், உறையவிடாமல்.

கிளினிக் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறும். அந்த ஓர் எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டாதீர்கள். காது விளிம்பை வெதுவெதுப்பான துணியால் ஒற்றிவிட்டுக் குத்தினால் ஒரு சொட்டு இரத்தம் எளிதில் வரும். வீட்டிலேயே அளந்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவுக்கு மாறும்போது இன்சுலின் தேவை குறையலாம். சில பூனைகளுக்கு அறவே நின்றும் போகும்.

சாப்பிட மறுத்தால் வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். தள்ளாடினால் சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கலாம்; ஈறில் தேனைத் தடவிவிட்டு, உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.