பூப்பறித்த கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தங்கை மகன் நான்கு வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டான். துக்கத்துக்கு வந்த சபையார் 'ஆண்டவர் தம் தோட்டத்துக்குப் பூப்பறித்துக்கொண்டார்', 'தாங்க முடியாத பாரத்தை அவர் தரமாட்டார்' என்றார்கள். தங்கை இப்போது ஜெபிப்பதே இல்லை. ஒன்றுமறியாத பிள்ளையின் வேதனைக்குக் கிறிஸ்தவத்தில் என்னதான் பொருள்?

ம., தூத்துக்குடி

அன்புள்ள ம.,

பூப்பறிக்கும் கதை வேதத்தில் எங்கேயும் இல்லை. பாரம் என்று சொன்னார்களே, அது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 10ஆம் அதிகாரத்தை வளைத்தது; பவுல் அங்கே பேசுவது பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றி, பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பற்றி அல்ல.

வேதத்தில் யோபு என்று ஒருவன், குற்றமில்லாமலே பிள்ளைகளையும் உடைமையையும் உடல்நலத்தையும் இழந்தவன். அவனுடைய நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்லவர்கள்தான். அப்புறம் காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள், உன் பிள்ளைகள் ஏதாவது பாவம் செய்திருப்பார்கள் என்பதுவரை போனார்கள். கடைசியில் கடவுளுக்குக் கோபம் மூள்வது தன்னை வழக்குக்கு இழுத்த யோபுவின் மேல் அல்ல, தன் கட்சி பேசிய இவர்கள் மேல். சரி, யோபுவுக்காவது காரணம் தெரிந்ததா? கடவுள் நான்கு அதிகாரம் பேசுகிறார், வரையாடு எப்போது குட்டி போடும் என்பதுகூட அதில் வருகிறது, அவன் ஏன் துன்பப்பட்டான் என்பது மட்டும் வருவதில்லை.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக் கடற்கரையில் யாத்திரை வந்தவர்கள் எத்தனையோ பேரை அலை கொண்டுபோனது. கோயில் தப்பியது மாதாவின் அற்புதம் என்று பேசிக்கொண்டார்கள். கரையில் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

மீட்கும் துன்பம், அதாவது நம் வலியும் கிறிஸ்துவின் வலியோடு சேர்ந்து மீட்புக்கு உதவும் என்ற பேச்சும் உங்கள் காதுக்கு வரும். அதைப் பற்றி 1984இல் மடல் எழுதிய போப் இரண்டாம் ஜான் பால், 1981இல் வயிற்றில் குண்டு பாய்ந்து பிழைத்தவர். தன் வலியைச் சிலுவையோடு சேர்க்கிறேன் என்று வலிப்பவர் சொன்னால் எனக்கு அதில் மரியாதை உண்டு; நான்கு வயதுப் பிள்ளையின் வலிக்கு மற்றவர்கள் உரை எழுதுவதைத்தான் சகிக்க முடியவில்லை. அந்த மடலே கடைசியில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டியதாக இயேசு சொன்ன கதையின் நல்ல சமாரியனிடம்தான் போய் நிற்கிறது.

'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று சிலுவையில் தொங்கியவரே கேட்டார், வானத்திலிருந்து குரல் வரவில்லை. அவரைத்தான் கடவுள் என்று கும்பிடுகிறோம். கிறிஸ்தவத்தில் இந்தக் கேள்விக்கு இதைவிட நெருக்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. உயிர்த்தெழுதல் உண்டு, நானும் நம்புகிறேன், ஆனால் அவசரப்பட்டுத் தங்கையிடம் அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 88ஆம் சங்கீதம் ஒரு துளி ஆறுதல் இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அதையும் ஜெபமாகத்தானே வைத்திருக்கிறோம்? அவள் ஜெபிக்காவிட்டால் பரவாயில்லை. வாரம் ஒருமுறை போய் உட்காருங்கள், பையன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், மற்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்லவே பயப்படுவார்கள்.