ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது ஏன், எப்படிப் போர் அறிவிக்கிறது?

தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். அப்படியானால் ஒரே ஒரு தேதியை நம்பிப் போகாதீர்கள்; யங்கோனில் எட்டாம் வகுப்புப் படிக்கையில் அதனால்தான் நான் தலைகுனிந்தேன்.

பர்மா எப்போது போரில் இறங்கியது என்று ஆசிரியர் கேட்டார். 1941 டிசம்பர் 23 என்றேன். அது என் அப்பத்தாவிடம் கேட்ட தேதி. அன்று பத்து வயதுச் சிறுமியாக மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த அவர், ஜப்பானிய விமானங்கள் ரங்கூனுக்கு (இன்றைய யங்கோனுக்கு) மேலே வருவதைக் கண்டார். தெருவில் கூடி அண்ணாந்து வேடிக்கை பார்த்தவர்களே குண்டுகளுக்குப் பெருமளவில் பலியானார்கள். மிளகாயை அள்ளாமல் ஓடிவந்ததை அப்பத்தா கடைசிவரை ஒரு குறையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரியரோ, சரியான விடை 1943 ஆகஸ்ட் 1 என்றார்; இந்தியர்களை இங்கே இழிவாக அழைக்கும் சொல்லையும் சேர்த்து, வீட்டுக் கதையை வகுப்புக்குக் கொண்டுவராதே என்றார். முதல் பாதியை மன்னித்துவிட்டேன்.

அவர் சொன்ன தேதியும் பொய்யில்லை. ஜப்பானின் தயவில் விடுதலையை அறிவித்த, பா மோ தலைமையிலான பர்மிய அரசு, அன்றே பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூரில் அமைந்த நேதாஜியின் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) அரசும் இதையே செய்தது. கைக்குள் நிலமே இல்லாத ஓர் அரசு போர் அறிவிப்பானேன்? போர் அறிவிக்கும் உரிமை அரசுகளுக்கே உண்டு என்பதால், அறிவித்துவிட்டால் தானும் ஓர் அரசுதான் என்று உலகுக்குச் சொன்னதாகிவிடும். நேதாஜியைக் குறைத்துப் பேசுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்; எங்கள் குடும்பத்திலும் அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் உண்டு.

முறை என்று பார்த்தால், காரணம் கூறும் அறிவிப்போ, கெடு விதித்து அது தவறினால் போர் என்னும் எச்சரிக்கையோ முன்கூட்டியே தரப்பட வேண்டும் என்று 1907 ஹேக் ஒப்பந்தம் விதித்தது. 1939 செப்டம்பர் 3 அன்று ஜெர்மனிக்குப் பிரிட்டன் விதித்த கெடு காலை 11 மணிக்கு முடிந்தது; பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பர்மாவும் அந்த வழியில், எவரும் கேட்காமலே, போருக்குள் வந்துவிட்டது. அறிவிப்பு வெறும் சடங்கன்று: தூதரகங்கள் மூடப்படும், எதிரி நாட்டாரின் சொத்து முடக்கப்படும், அவர்களோடு செய்யும் வணிகம் குற்றமாகும்.

இப்போது ஏன் பெரும்பாலும் எவரும் அறிவிப்பதில்லை என்றால், 1945இல் ஐ.நா. சாசனம் பலப்பிரயோகத்தையே தடை செய்து, தற்காப்புக்கும் ஐ.நா. பாதுகாப்பு அவை அனுமதிக்கும் நடவடிக்கைக்கும் மட்டும் இடம் வைத்தது. ஆகவே பெரும்பாலும் எல்லோருமே தற்காப்பு என்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் கடைசியாகப் போர் அறிவித்தது 1942இல். கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் அறிவிப்பே இல்லை.

நான் 1943 என்ற விடையை வீட்டுக்குக் கொண்டுபோனபோது, "அப்ப அதுக்கு முன்னாடி விழுந்ததெல்லாம் என்னவாம்?" என்றார் அப்பத்தா. நீங்கள் தேர்வில் மூன்று தேதிகளையும் எழுதி, எது யாருடைய தேதி என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள்.