மாத்திரை முடிந்தும் கொப்புளம் திரும்பி வருவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 28. பிறப்புறுப்பில் நீர்க்கொப்புளம் வந்து, சிறுநீர் போகும்போது எரிச்சலில் துடித்தேன். மருந்துக்கடையில் வெள்ளைப்படுதலுக்கான மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. அப்புறம் ஒரு லேடி டாக்டர் பார்த்துவிட்டு ஹெர்பிஸ் என்றார். ஒரு வாரம் அசைக்ளோவிர் சாப்பிட்டேன், ஆறியது. நாலு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. கணவர் மேல் சந்தேகமாக இருக்கிறது. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தங்கச்சி, சந்தேகத்தை முதலில் இறக்கி வையுங்கள். இந்த வைரஸ் எந்த அறிகுறியும் காட்டாமல் வருடக்கணக்கில் உடம்பில் இருக்கும். உங்கள் இருவரில் யாருக்குக் கல்யாணத்துக்கு முன்பே இருந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. உதட்டோரம் கொப்புளம் போடுகிற வகையும் அங்கே தொற்றும்.

சின்ன வயதில் வந்த சின்னம்மை, பல வருடம் கழித்து அக்கியாக எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஹெர்பிஸும் அதே குடும்பம். புண் ஆறினாலும் இடுப்புப் பக்கத்து நரம்பு முடிச்சுகளில் போய்ப் பதுங்கிவிடும். அசைக்ளோவிர் வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும், பதுங்கியதை அதனால் அழிக்க முடியாது. ஆகவே உங்கள் மாத்திரை வேலை செய்யாமல் போகவில்லை. பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும்தான் இதில் வேலை செய்யாது. களிம்பாலும் பெரிய பலன் இல்லை.

திரும்ப வரும்போது நேரம்தான் முக்கியம். குறுகுறுப்போ எரிச்சலோ தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் மாத்திரையை ஆரம்பித்தால் சீக்கிரம் அடங்கும். அதனால் சீட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வந்தால், தினமும் சாப்பிடுகிற தடுப்பு முறை இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், அதை மறைக்காதீர்கள். புண் இருக்கும் நாட்களில் உறவு வேண்டாம். மற்ற நாட்களில் ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது.

குழந்தை தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதல்முறையாகத் தொற்றுவதுதான் குழந்தைக்கு அதிக ஆபத்து. உங்களைப்போல் முன்பே வந்தவர்களின் உடம்பில் உருவான எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச்சேரும். ஆனால் முதல் செக்கப்பிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். பொதுவாக 36 வாரத்திலிருந்து மாத்திரை தருவார்கள். வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள்.