10 மீட்டர் கேமரா 18 மீட்டருக்குத் தாங்குமா?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறேன். ஆகஸ்டில் நண்பர்களோடு பெர்ஹெந்தியான் தீவுக்குப் போய் டைவிங் லைசென்ஸ் எடுக்கப் போகிறோம். டவுன் கடையில் ஒரு கோப்ரோ கேமரா பார்த்தேன். பெட்டியில் ‘10 மீட்டர் வாட்டர்புரூஃப்’ என்று இருக்கிறது. டைவிங்குக்கு ஆகுமா என்றால் கடைத் தவுக்கே “போலே, போலே” (ஆகும், ஆகும்) என்கிறார். வாங்கலாமா? கெட்டுப்போனால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அது மட்டும் போதாது தம்பி. நீங்கள் எடுக்கும் ‘ஓப்பன் வாட்டர்’ என்ற முதல்நிலை லைசென்ஸில் 18 மீட்டர் வரை இறங்கலாம். கரையில் இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அதனால் 60 மீட்டர் தாங்கும் டைவ் கேஸையும் (தண்ணீர் புகாத கேமரா உறை) சேர்த்து வாங்குங்கள், உங்கள் மாடலுக்கே உரியதாகப் பார்த்து.

கேஸ் மூடியைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். எல்லாம் அதன் கையில்தான். ஒரு தலைமுடியோ மணலோ ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். படகில் ஆடிக்கொண்டே திறந்து மூடாதீர்கள். காலையில் அறையிலேயே கையைத் துடைத்துவிட்டு, வளையத்தை விரலால் தடவிப் பார்த்து மூடுங்கள். முதல் தடவை கேமராவை வெளியே வைத்துவிட்டு, வெறும் கேஸுக்குள் ஒரு டிஷ்யூ தாளை வைத்து இறக்குங்கள். மேலே வந்தபின் தாள் காய்ந்திருந்தால் சரி. கடலைவிட்டு ஏறியதும் நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். இதெல்லாம் லைசென்ஸ் கையில் வந்த பிறகு. மூச்சு விடவே பழகும் நாட்களில் கேமரா எதற்கு?

படம் நீலமாக வந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். ஒரு சிவப்பு ஃபில்டர் மாட்டினால் ஓரளவு சரியாகும்.

அப்புறம் பணம். பங்கோருக்குப் போனபோது ‘வாட்டர்புரூஃப்’ பை ஒன்றை ரசீதுகூட இல்லாமல் வாங்கி, போனை நனைத்துக்கொண்டு கடையில் வாயடைத்து நின்றவன் நான். நீங்கள் ரசீதில் ‘18 மீட்டர் டைவிங்குக்கு’ என்று எழுதி வாங்குங்கள். எதற்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அந்த வேலைக்கு உதவாவிட்டால், மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி கடைக்காரர் பதில் சொல்ல வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அட்டை சுவரில் தொங்கினாலும் இது மாறாது. அவர் மசியவில்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் புகார் கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். ரசீது எழுத்து வெயிலில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.