பாரிஸ் ரெஸ்டாரண்ட் மெனுல வர்ற ஃப்ரெஞ்ச் வார்த்தைங்களுக்கு என்ன அர்த்தம், ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி எதெல்லாம் தெரிஞ்சிருக்கணும்?

சாஸ் பேரையெல்லாம் மனப்பாடம் பண்ணாதீங்க, வேஸ்ட். தட்டுல வரப்போறது எந்தக் கறி, அதுல எந்தப் பார்ட், இது தெரிஞ்சா போதும்.

முதல்ல ஒண்ணு, கையில குடுக்கிற கார்டுக்கு அங்க பேரு 'கார்ட்'. 'மெனு'ன்னு கேட்டா ஒரே விலைக்கு வர்ற செட் சாப்பாடு. மத்தியானம் வாசல் போர்டுல 'ஃபோர்முல்'னு போட்டிருப்பாங்க, ஆந்த்ரே ப்ளஸ் ப்ளா, இல்லன்னா ப்ளா ப்ளஸ் டெசர்ட், தனித்தனியா வாங்கறதவிட இதுதான் லாபம். ஆந்த்ரேன்னா ஸ்டார்ட்டர், ப்ளா தான் மெயின் டிஷ். அமெரிக்காவுல மெயின் டிஷ்ஷத்தான் ஆந்த்ரேம்பாங்க, அங்க இருந்து வர்றவங்க நல்லா குழம்புவாங்க.

இப்ப உஷாரா இருக்க வேண்டிய ஐட்டம். 'ரி து வோ', அரிசிக்கும் 'ரி'ன்னுதான் சொல்வாங்க ஆனா இது கன்னுக்குட்டியோட தைமஸ், அதாவது கழுத்து-நெஞ்சுப் பக்கம் இருக்கிற சுரப்பி. 'தெத் து வோ' கன்னுக்குட்டித் தலை. 'ஆந்துயெத்' பெரும்பாலும் பன்னிக்குடல் அடைச்ச சாசேஜ், குடல் கறி சாப்பிட்டு வளர்ந்தவங்களுக்கே அந்த வாசனை கொஞ்சம் ஓவர்தான். 'ஸ்டேக் தார்தார்' அடுப்பையே பார்க்காத பச்சை மாட்டுக்கறி கொத்து, மேல பச்சை மஞ்சக்கரு வேற. சாதா ஸ்டேக் கேட்டாலும் எப்படி வேணும்னு கேப்பாங்க, 'ஆ புவான்'னு சொன்னா மீடியம்னு நினைப்போம், நடுவுல நல்லா சிவப்பாவே வரும், ரத்தச் சிவப்பு பிடிக்காதவங்க 'பியான் குய்', அதாவது நல்லா வெந்ததுன்னு சொல்லிடுங்க, வெயிட்டர் மூஞ்சி எப்படிப் போனாலும் போகட்டும்.

வெஜ் ஆளுங்க சாலட்னு பேரைப் பார்த்து நம்பாதீங்க, 'லார்தோன்'னு இருந்தா பன்னிக்கறித் துண்டு. வெங்காய சூப்புலயும் வழக்கமா மாட்டெலும்பு ஸ்டாக்தான் ஊத்துவாங்க.

கார்டுல வீட்டுக்கூரை வச்ச பாத்திரம் மாதிரி படம் இருந்தா 'ஃபே மேஸோன்', அங்கயே பச்சைப் பொருள்ல இருந்து சமைச்சதுன்னு அர்த்தம், 2014ல கொண்டுவந்தது.

பில் விஷயம் சிம்பிள். சர்வீஸ் விலையிலயே சேர்ந்திருக்கும், டிப்ஸ் உங்க இஷ்டம். தண்ணிய வெறும் வாட்டர்னு கேட்டா பாட்டில் வந்து காசு போயிடும், 'கராஃப் தோ'ன்னு கேளுங்க, குழாய்த் தண்ணி ஃப்ரீ. ஃப்ரீன்னு கார்டுலயோ போர்டுலயோ எழுதியே வைக்கணும்னு 2022ல இருந்து சட்டம். கடைசில 'கஃபே'ன்னு மட்டும் சொன்னா குட்டி கப்புல கட்டங்காப்பி வரும், பால் வேணும்னா 'கஃபே க்ரெம்'.