'செட்' என்ற சொல்லுக்கு 430 பொருளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். 'செட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 430 பொருள் உண்டாம். அதற்கென்றே ஒரு புத்தகத்தை வாங்கச் சொல்கிறார் ஸ்போக்கன் இங்கிலீஷ் ஆசிரியர். அவளோ அதை 'செட்டு' என்கிறாள். அது ஓரசையா, ஈரசையா?

பதில்: புத்தகத்தை வாங்காதீர்கள். 430 என்ற எண் பொய்யல்ல. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தது. ஆனால் அது இருபது தொகுதி அகராதி. வழக்கொழிந்த பொருள்களும் அதில் அடக்கம். அந்த எண்ணைக் காட்டிப் பெற்றோரை மிரட்டிக் காசு பார்ப்பது இப்போது தனித் தொழிலாகிவிட்டது. 'இத்தனை நாளில் சரளம்' என்று எழுதிய நோட்டீஸைக் கண்டால் பர்ஸைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

தமிழில் 'அமர்', 'அமர்த்து' போல ஆங்கிலத்தில் 'சிட்', 'செட்'. அலாரம் வைப்பது, தேதி குறிப்பது, சிமென்ட் இறுகுவது எல்லாம் ஒன்றை அதன் நிலையில் அமர்த்துவதுதான். பாத்திர செட் என்கிறோமே, அந்தத் தொகுதிப் பொருள் மட்டும் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. அவள் வயதுக்கு இவை போதும்.

'செட்' ஓரசை. எத்தனை உயிரொலி காதில் விழுகிறதோ அத்தனை அசை. எழுத்தை எண்ணக் கூடாது. 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து, அதுவும் ஓரசைதான். நம் யாப்புக் கணக்கும் உதவாது. 'ஹனி' யாப்பில் ஒரே நிரையசை, ஆங்கிலத்தில் ஈரசை. காதால் எண்ண வேண்டியதைத் தாளில் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லி மதிப்பெண் போடுகிறோம். பிள்ளை எங்கிருந்து கேட்கும்?

ஒரே ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். இறந்தகாலத்தில் சேரும் 'எட்' எப்போதும் தனி அசை ஆவதில்லை. 'வாக்' இறந்தகாலத்தில் 'வாக்ட்', ஓரசை. 'வான்ட்' மட்டும் 'வான்டட்', ஈரசை. வினை ஆங்கில 't' அல்லது 'd' ஒலியில் முடிந்தால்தான் அசை கூடும். அப்படியானால் 'செட்டட்' வருமே என்பாள். வராது. இறந்தகாலத்திலும் 'செட்' என்றேதான் இருக்கும்.

'செட்டு' என்பதற்கு அவளைத் திட்டாதீர்கள். தமிழில் வல்லின மெய்யில் சொல் முடியாது. நாக்கு தானே உகரத்தைச் சேர்க்கிறது. 'செட் இட்', 'செட் ஆஃப்' என்று அடுத்த சொல்லோடு சேர்த்தே சொல்லிப் பழகட்டும். 'காசு இல்லை' 'காசில்லை' ஆவதுபோல அந்த உகரம் ஓடிவிடும்.